காரணம்: சும்மா

எங்கள் வீட்டுப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்கள் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். காங்கேயத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து என் ஆத்தா பழனிக்கு நடந்தே போயிருக்கிறார். அம்மா வருசத்துக்கு நாற்பது கல்யாணமாவது பார்ப்பார். சென்னிமலை, சிவன்மலை, கொடுமுடி, மருதமலை, ஆனைமலை மாசாணியம்மன் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பது அப்பாவைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். சீர், காதுகுத்து, கெடாவெட்டு, எழவு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரம்பரையைப் பார்த்து வருவது என்று கால் ஓயாத பயணம். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் அம்மா வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

என் தம்பிக்கு அப்படி இல்லை. பைக் கைக்கு வந்த முதல் மாதமே சொல்லாமல் கொள்ளாமல் திருமூர்த்தி மலைக்குப் போய்ப் பஞ்சலிங்க அருவியில் குளித்துவிட்டு, ராத்திரி ஈரத் துண்டோடு வந்து நின்றான். "எங்கடா போனே?" என்று அப்பா கேட்டார். "சும்மா" என்றான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டார்கள். அந்த ஒரு சொல்லை என்னால் அந்த வீட்டில் சொல்ல முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. அருவியும் வரும்.

கோவையில் நான் படித்த கல்லூரியின் பெண்கள் விடுதியில் வெளியே போவதற்கு ஒரு படிவம் உண்டு. பெயர், துறை, போகும் இடம், உடன் வருபவர், திரும்பும் நேரம், பெற்றோர் கையெழுத்து. இவை எல்லாவற்றுக்கும் ஒரு வரிதான் இடம். "காரணம்" என்று ஒரு கட்டம் மட்டும் மூன்று வரி அகலம். வீட்டுக்குப் போவது, மருத்துவமனை, நெருங்கிய உறவினர் திருமணம், கோவில் ஆகியவை செல்லுபடியாகும் காரணங்கள். சினிமா செல்லாது. தோழியின் பிறந்தநாள் வார்டனின் மனநிலையைப் பொறுத்தது. ஆண்கள் விடுதியில் இரவு 9.30 வரை கேட் திறந்திருக்கும். அங்கே படிவம் கிடையாது, ஒரு நோட்டு மட்டும் கிடக்கும், அதிலும் பாதிப் பேர் எழுதுவதில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் அந்த மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, எங்கள் கேட் மூடும் நேரம் ஏழிலிருந்து ஆறாகக் குறைந்தது. குற்றம் செய்தவர்கள் ஆண்கள். நேரம் குறைந்தது எங்களுக்கு.

பின்னாளில்தான் தெரிந்தது, பல்கலைக்கழக மானியக் குழுவே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது என்று. 2013இல் வந்த 'சக்ஷம்' அறிக்கையும் அதன் பிறகு வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது. டெல்லியில் 2015இல் 'பிஞ்ச்ரா தோட்' என்ற பெயரில் மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துத் தெருவுக்கு வந்தார்கள். கூண்டை உடை என்பது அந்தப் பெயரின் பொருள். எங்கள் விடுதியில் நாங்கள் கூண்டை உடைக்கவில்லை. அதற்குள் இருந்த படிவத்தைப் பூர்த்தி செய்தோம்.

நாங்கள் நான்கு பேர். விடுதியில் ஒருத்தியை ஒருத்தி ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். நான் காங்கேயம். மற்றவர்கள் உடுமலை, ஒட்டன்சத்திரம், வால்பாறை. எங்கள் அறைச் சுவரில் ஏதோ ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. அதில் செப்டம்பர் மாதத்துக்கு இகுவாசு அருவி. அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவில், ஏறத்தாழ 275 அருவிகள் அடுத்தடுத்து, 2.7 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுகின்றன. அக்டோபர் பிறந்தும் நாங்கள் தாளைக் கிழிக்கவில்லை. உடுமலைக்காரி ஒருநாள் நெட் சென்டரில் விமானக் கட்டணம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்; நான்கு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போதுதான் வால்பாறைக்காரி, "எங்க எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குனா அதிரப்பள்ளி. நான் பொறந்து இருபது வருசம் ஆச்சு, இன்னும் பாக்கல" என்றாள்.

2013 ஆயுதபூசை விடுமுறை. திட்டம் எளிமையானது. கோவையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து வால்பாறை, ராத்திரி அவள் வீட்டில் தங்கல். மறுநாள் சோலையாறு, மளுக்கப்பாறை வழியாகக் காட்டுச் சாலையில் இறங்கி அதிரப்பள்ளி. பிறகு சாலக்குடி போய் ரயில் பிடித்துக் கோவை. காரணக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. "சும்மா பாக்கப் போறோம்னு எழுதுவமா?" என்று ஒட்டன்சத்திரத்துக்காரி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு இந்தப் படிவம் பார்த்துப் பழகியது. அவள் அக்கா பல்லடம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் 'சுமங்கலித் திட்டத்தில்' மூன்று வருடம் இருந்தவள். கொங்கு நாட்டு மில்கள் தென் மாவட்டங்களிலிருந்து இளம்பெண்களைக் கூட்டி வந்து, மில் வளாகத்துக்குள்ளேயே தங்க வைத்து வேலை வாங்கின. மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. அக்காவுக்குச் சொல்லப்பட்டது 35,000 ரூபாய். இடையில் நின்றுவிட்டால் அது போயிற்று. மாதம் ஒரு முறை மில் வேனில், வார்டன் கூடவர, கடைவீதிக்குப் போய் வரலாம். அங்கும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். "உங்க புள்ளையப் பத்திரமா பாத்துக்குவோம்" என்று ஏஜெண்டு சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவள் அப்பா கைநாட்டு வைத்தார். "எங்க அக்கா இருந்த கேட்டும் இந்தக் கேட்டும் ஒரே பச்சை பெயிண்ட்டுடி" என்று அவள் சொல்வாள். கல்லூரி விடுதியையும் மில் விடுதியையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லைதான். நாங்கள் பணம் கட்டி உள்ளே இருந்தோம், அக்கா உழைத்தும் வெளியே வர முடியவில்லை. ஆனால் ஒரு பெண் எதற்காக வெளியே போகிறாள் என்று கேட்க ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்பது இரண்டு கேட்டுக்கும் பொது.

கடைசியில் "மாசாணியம்மன் கோவில், பின்பு தோழி வீட்டு விசேஷம்" என்று எழுதினோம். வீட்டிலும் அப்படியே. அம்மா உடனே சரி என்றார். மாசாணியம்மன் என்றால் மறுபேச்சு கிடையாது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த வால்பாறைப் புள்ள என்ன ஆளுக?"

"வால்பாறை ஆளுகம்மா" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "செரி, பாத்துப் போய்ட்டு வா கண்ணு" என்றார்.

சொன்னபடியே முதலில் ஆனைமலைக்குத்தான் போனோம். அம்மன் அங்கே மல்லாந்து படுத்திருக்கிறாள். அநியாயம் செய்யப்பட்ட பெண்கள் வந்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். அன்றும் ஒரு வயதான பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அரைத்துக்கொண்டிருந்தார். மிளகாய் நெடியில் எங்களுக்குக் கண் கலங்கியது.

அந்தக் கோவிலின் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆற்றுக்குக் குளிக்கப் போன ஒரு பெண், தண்ணீரில் மிதந்து வந்த மாங்காயை எடுத்துத் தின்றாள். அது நன்னன் என்ற அரசனின் காவல் மரத்து மாங்காய். அதற்காக அவளைக் கொன்றான். அந்தப் பெண்தான் மாசாணி என்கிறார்கள். இதே நன்னனும் மாங்காயும் குறுந்தொகையின் 292ஆம் பாட்டில், பரணர் வாக்கில், இரண்டாயிரம் வருடப் பழக்கத்தோடு வருகின்றன. அவள் உயிருக்கு ஈடாக 81 யானைகளையும் அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையையும் கொடுக்க முன்வந்தும் அவன் ஏற்கவில்லை. தமிழ் மாணவியாக அந்தப் பாட்டை வகுப்பில் படித்தபோது எங்களுக்கு நன்னனைப் பற்றி மட்டும்தான் விளக்கினார்கள். ஆனால் பாட்டைப் பேசுபவள் தோழி. அவள் திட்டுவது நன்னனை அல்ல, தலைவியின் தாயை. ஒரே ஒரு நாள் சிரித்த முகத்தோடு ஒருவன் விருந்தாளியாக வந்து போனதற்காக, அந்தத் தாய் பகைவர் சூழ்ந்த ஊரில் இருப்பவர்களைப் போலத் தூங்காமல் மகளைக் காவல் காக்கிறாளாம். நன்னன் போன நரகத்துக்கே அவளும் போகட்டும் என்கிறாள் தோழி. நீராடப் போன பெண்ணைக் கொன்றவனையும், மகளை வெளியே விடாமல் விழித்திருக்கும் தாயையும் ஒரே தட்டில் வைக்கிற துணிச்சல் ஒரு சிநேகிதிக்கு இருந்திருக்கிறது. கோவில் பிராகாரத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். "எங்கம்மா தூங்கவே மாட்டாங்க" என்றாள் உடுமலைக்காரி. அன்று காலையிலிருந்து அவளுக்கு ஐந்து போன் வந்திருந்தது.

பொள்ளாச்சிக்குத் திரும்பி வால்பாறை பஸ் ஏறினோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டாவது வளைவில் ஒட்டன்சத்திரத்துக்காரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள், இருபதாவதில் நான். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் கீழே ஆழியாறு அணை ஒரு முறை பெரிதாகவும் ஒரு முறை சிறிதாகவும் தெரிந்தது. ஒன்பதாவது வளைவிலேயே வரையாடுகள் பாறைமேல் நின்று எங்களைப் பார்த்தன. போன் சிக்னல் விட்டுவிட்டு வந்து, பிறகு நின்றே போனது. உடுமலைக்காரி போனை அணைத்துப் பைக்குள் போட்டதும் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

வால்பாறைக்காரியின் வீடு தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடு. ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு, வெளியே கழிப்பறை. அவள் அம்மா தேயிலை பறிப்பவர். பாட்டி தலைமுறையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு மலை ஏறிய குடும்பம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. "இங்க ராத்திரி தனியா வெளிய போகாதீங்க புள்ளைகளா, சிறுத்தை நடமாட்டம் இருக்கு. போகணும்னா என்னைய எழுப்புங்க" என்றார். எங்களுக்கு அன்று கிடைத்த பாதுகாப்பு விதி அது ஒன்றுதான். அதில் குற்றம் காண முடியவில்லை. ஆபத்து எது என்று சொன்னார், அது எங்கே இருக்கிறது என்று சொன்னார், கூட வருவதாகவும் சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் அவர் கொஞ்சம் தயங்கினார். குழம்பும் முட்டைப் பொரியலும் தயாராக இருந்தன, வாசம் வந்தது. ஆனால் தட்டை எடுக்காமல் மகளைப் பார்த்து, "உங்க சிநேகிதிகளுக்குக் கடையில பரோட்டா வாங்கியாரட்டுமா?" என்றார். என் முகத்தையும் உடுமலைக்காரி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பேச்சிலேயே நாங்கள் எந்த ஆளுக என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை பேர் அந்த வீட்டு வாசலில் நின்றபடியே தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவு பழக்கமாக வரும்? வால்பாறைக்காரி கோபமாக, "அம்மா, போடும்மா" என்றாள். சாப்பிட்டோம். நான் மூன்று முறை குழம்பு கேட்டேன். காங்கேயத்தில் எங்கள் தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு அம்மா தனி டம்ளர் வைத்திருப்பது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. பெண் வெளியே போனால் என்னவாகும் என்று ஊர் அஞ்சுகிறதே, அதில் பாதி அச்சம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். போகிற இடத்தில் அவள் யார் வீட்டில் உட்காருவாள், யார் கையால் சாப்பிடுவாள், அதற்குப் பிறகு எதை நம்ப மறுப்பாள் என்பதற்குக் கேட்டில் இருக்கும் காவலாளியால் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

படுக்கும்போது அந்த அம்மா கேட்டார்: "அதிரப்பள்ளில என்ன விசேசம்?"

"அருவிம்மா. சும்மா பாக்கப் போறோம்" என்றாள் மகள்.

"ம்" என்றார். இருபத்தைந்து வருடம் அந்த மலையில் இருந்தவர். வார விடுமுறையில் துணி துவைக்க வேண்டும், ரேசன் வாங்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும்.

மறுநாள் காலை மளுக்கப்பாறை போய், அங்கிருந்து சாலக்குடி பஸ். காடு இரண்டு பக்கமும் ஜன்னலை உரசிக்கொண்டு வந்தது. நடுவழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார். வளைவில் ஒரு தாய் யானையும் குட்டியும். இருபது நிமிடம் பஸ்ஸில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. யானை தன் குட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு எங்களை முறைத்தது. "உங்கம்மாடி" என்று உடுமலைக்காரியின் காதில் வால்பாறைக்காரி சொன்னாள். சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

அதிரப்பள்ளி சுமார் 80 அடி உயரம். காலண்டரில் பார்த்த இகுவாசுவோடு ஒப்பிட்டால் அது குழந்தைதான். ஆனால் மழைக்காலம் முடிந்த கையோடு போயிருந்தோம். படியில் இறங்கி அடிவாரத்துக்குப் போகப் போக முதலில் சத்தம் வந்தது, பிறகு சாரல், பிறகு பேச்சே கேட்காமல் போனது. ஆற்றின் முழு அகலமும் பாறையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. 'நீர்வீழ்ச்சி' என்ற சொல்லை அங்கே நின்று யோசித்தேன். அதில் ஒரு வீழ்ச்சி இருக்கிறது. நம் பழைய சொல் அருவி. அதில் யாரும் விழவில்லை.

விழ வைத்தது கதைகள்தான். இகுவாசுவுக்கு குவாரனி மக்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. பாம்புத் தெய்வத்துக்கென்று ஒதுக்கப்பட்ட நைப்பி என்ற பெண் தன் காதலனோடு படகில் தப்பி ஓட, சினந்த தெய்வம் ஆற்றைப் பிளந்து அருவியாக்கி அவளைப் பாறையாகவும் அவனை மரமாகவும் மாற்றிவிட்டதாம். நமக்குச் சினிமா. 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' காதலர்கள் குதிக்கும் காட்சி எடுக்கப்பட்டது அதிரப்பள்ளியில். இன்றும் தமிழ்நாட்டுக்காரர்கள் அதைப் 'புன்னகை மன்னன் அருவி' என்றே சொல்கிறார்கள். இருவரும் குதிக்கிறார்கள், அவள் சாகிறாள், அவன் பிழைத்து மீதிப் படத்தை நடத்துகிறான். குதிப்பதற்கு முன் வரும் முத்தம் தன்னிடம் முன்கூட்டியே சொல்லப்படாத ஒன்று என்று நடிகை ரேகா பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். அந்த அருவியை எங்கள் தலைமுறைக்கும் எங்கள் அம்மாக்களுக்கும் அறிமுகப்படுத்திய காட்சியில், அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. 2010இல் 'ராவணன்' படமும் இங்கே எடுக்கப்பட்டது. அதிலும் கதாநாயகி மலை உச்சியிலிருந்து குதிக்கிறாள். அருவிக்கு வந்து, நனைந்து, பசித்து, மாங்காய் தின்று வீடு திரும்பிய பெண்ணைப் பற்றி நம்மிடம் கதையே இல்லை.

நாங்கள் நனைந்தோம், மாங்காயும் தின்றோம். உப்பும் மிளகாயும் தடவி ஒரு அம்மா விற்றுக்கொண்டிருந்தார். சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டது. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது, நான்கைந்து ஆண்கள் போனை எங்கள் பக்கம் திருப்பினார்கள். முதலில் அருவியை எடுப்பதுபோல, பிறகு ஒளிவுமறைவே இல்லாமல். எழுந்து போய்விடலாம் என்று உடுமலைக்காரி கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் விசில் சத்தம். காவலுக்கு நின்ற வனக்குழுப் பெண் ஒருவர், குள்ளமான ஆள், நேராக அவர்களிடம் போய் மலையாளத்தில் நான்கே வார்த்தை சொன்னார். கைக்குச்சியால் படிக்கட்டைக் காட்டினார். அவர்கள் போனார்கள். எங்களைப் பார்த்து, "இருங்க, இருங்க" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். யாராவது தொந்தரவு செய்தால் எங்களை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவதுதான் அதுவரை நாங்கள் கண்ட பாதுகாப்பு. தொந்தரவு செய்தவர்களை வெளியே அனுப்பி எங்களை இருக்கச் சொன்னவர் அவர்தான் முதல்.

அதனால் இருந்தோம். மூன்று மணி நேரம். படம் எடுத்து முடித்து, பேசி முடித்து, கடைசி ஒரு மணி நேரம் யாரும் எதுவும் செய்யவில்லை. வீட்டுக்கு வரும் மருமகளிலிருந்து விடுதி மாணவி வரை, மில் தொழிலாளியிலிருந்து தேயிலை பறிப்பவர் வரை, கணக்குக் காட்ட வேண்டாத ஒரு மணி நேரம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கிறது? மும்பையின் தெருக்களைப் பற்றி 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலை ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதினார்கள். வேலைக்கோ படிப்புக்கோ கடைக்கோ போகிற பெண்ணை நகரம் பொறுத்துக்கொள்ளும், வெறுமனே நிற்கிற பெண்ணைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே வெறுமனே நிற்கும் உரிமையைத்தான் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த நூல் பின்னால்தான் கிடைத்தது. படித்தபோது பாறையின் சூடு நினைவுக்கு வந்தது.

அந்தத் தண்ணீருக்கும் எங்கள் ஊருக்கும் இருக்கும் உறவும் பின்னால் தெரிந்ததுதான். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில், சாலக்குடி ஆற்றுக்குப் போக வேண்டிய நீரின் ஒரு பகுதி மலைக்குள் சுரங்கம் வழியாகத் திருப்பப்பட்டு, பொள்ளாச்சி, உடுமலை வழியாக எங்கள் காங்கேயம், வெள்ளகோவில் கடைமடை வரை வாய்க்காலில் வருகிறது. அதிரப்பள்ளியில் நாங்கள் பார்த்தது அதுபோக மிஞ்சியது. அதையும் மேலே பெரிங்கல்குத்து அணை பிடித்து வைத்து விடுகிறது. அந்த அணைகளுக்காக ஒவ்வொரு முறையும் காட்டிலிருந்து கிளப்பப்பட்டவர்கள் காடர் பழங்குடி மக்கள். அதிரப்பள்ளிக்கு மேலே 163 மெகாவாட் மின்நிலையம் ஒன்று கட்டும் திட்டம் பல ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் இரண்டு பெண்கள் முக்கியமானவர்கள். ஒருவர் ஆற்றைப் படித்து, கணக்குகளில் இருந்த ஓட்டைகளைக் காட்டிய லதா அனந்தா, 2017இல் மறைந்தார். இன்னொருவர் வாழச்சால் காடர் ஊரின் மூப்பத்தி கீதா. ஊர்த் தலைமைக்கு வந்த பெண். வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்து, எங்கள் ஒப்புதல் இல்லாமல் எப்படிக் கட்டுவீர்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டார். அருவி இன்றும் இருப்பதில் அந்தக் கேள்விக்குப் பங்குண்டு. நாங்கள் சும்மா உட்கார்ந்திருக்க ஓர் அருவி மிச்சமிருந்ததற்குப் பின்னால் சும்மா இருக்காத பெண்கள் இருந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் உடுமலைக்காரி ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டாள். நான்கு பேரும் நனைந்த தலையோடு, பல் தெரியச் சிரிக்கிற படம். அவள் சித்தப்பா மகன் பார்த்தான். அந்த வாரக் கடைசியில் அவள் அப்பா வண்டியோடு விடுதிக்கு வந்து பெட்டியை எடுத்துப் போனார். மீதி வருடம் முழுக்க உடுமலையிலிருந்து எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து படித்தாள். கடைசிப் பரீட்சை முடிந்த பதினெட்டாம் நாள் கல்யாணம். மூன்று பேரும் போனோம். மணவறையில் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அது அந்தப் படத்தில் இருந்த சிரிப்பு இல்லை.

எங்கள் வீட்டுக்கும் படம் வந்தது. பெரியப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்து, "புள்ளய கோயிலுக்குன்னு அனுப்பிச்சா கேரளாவுல குளிச்சுட்டு இருக்குது" என்று தொடங்கினார். அப்பா என் பக்கம் திரும்பினார். அடுப்படியில் இருந்து அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாந்தானுங்க போகச் சொன்னேன். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு" என்றார். ஒரு சொல் அதிகமில்லை. பெரியப்பா டீயைக் குடித்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. அன்று ராத்திரி நான் படுத்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தண்ணி ரொம்ப வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

பரணரின் பாட்டில் வரும் தாய்மேல் எனக்கு இருந்த கோபம் அதற்குப் பிறகு பழையபடி இல்லை. அந்தத் தாய் ஏன் தூங்கவில்லை என்று தோழி கேட்கவில்லை. மகளுக்கு ஏதாவது ஆனால் ஊர் முதலில் வந்து நிற்பது அவள் வாசலில். காவல் காப்பதற்கும் பழி சுமப்பதற்கும் ஒரே ஆளை வைத்திருக்கிற ஏற்பாடு இது. உடுமலைக்காரியின் அம்மாவும் அன்று ஏதோ சொல்லிப் பார்த்திருப்பார். அந்த வீட்டில் அவர் சொல் எடுபடாமல் போயிருக்கும். ஒருத்தி படிப்பைத் தொடர்ந்ததற்கும் இன்னொருத்தி மணவறைக்குப் போனதற்கும் இடையில் இருந்தது ஒரு அம்மாவின் பொய் பலித்ததும் பலிக்காததும்தான் என்றால், எங்கள் துணிச்சலைப் பற்றி நான் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது?

உடுமலைக்காரிக்கு இப்போது இரண்டு பெண்கள். தாராபுரத்தில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். ஃபேஸ்புக்கில் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுப் பீரோவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். மூத்தவள் ஒருநாள் அதைப் பார்த்து, "எதுக்கும்மா அங்க போனீங்க?" என்று கேட்டிருக்கிறாள். என்ன சொன்னாய் என்று போனில் கேட்டேன்.

"சும்மான்னு சொன்னேன். அப்பறம் அவ, 'அப்ப நாமளும் போலாமா'ங்கறா" என்றாள்.

வால்பாறை அம்மா போன வருடம் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கணக்கு முடித்துப் பணம் வந்ததும், கூடப் பறித்த ஆறு பெண்களோடு ஒரு ஜீப் பேசிக்கொண்டு அதிரப்பள்ளிக்குப் போயிருக்கிறார். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வழியில் யானை வரும் என்று ஜீப்காரர் அவசரப்படுத்தியதால் ஒரு மணி நேரம்கூட இருக்க முடியவில்லையாம்.

"இன்னொரு தடவ போகணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.